மேட்டடோர் கேம்பர்: எஞ்சின் கிடக்கட்டும், கூரையைப் பாருங்கள்

படுக்கையும் சமையல் மேடையும் உள்ள பழைய கேம்பர் வேன் வாங்கப் போகிறவர்கள் முதலில் எஞ்சின் மூடியைத்தான் திறக்கிறார்கள். நான் ஒரு டார்ச்சும் நீளமான ஸ்க்ரூடிரைவரும் மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சின் ஓடவில்லை என்பதை விற்பவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. உள்ளே ஏறி, கூரையும் பக்கச் சுவரும் சேருகிற மூலையில் பிளைவுட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. பேரம் அங்கிருந்துதான் தொடங்கியது.

வண்டி, 1990களில் வந்த பஜாஜ் டெம்போ மேட்டடோர். நெல்லியாம்பதியில் எஸ்டேட் வைத்திருந்த ஒரு குடும்பம், கரூரில் பாடி கட்டி, படுக்கை, சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து ஓட்டியிருக்கிறது. பிறகு நென்மாறாவில் ஒரு பலாமரத்தடியில் பல வருடங்கள் நின்றுவிட்டது. இழுவை வண்டியில் ஏற்றி, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுத் தென்னந்தோப்புக்குக் கொண்டுவந்தேன். "இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு தினமும் மாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை செய்ததும் அவர்தான்.

இத்தனை பழுதான வண்டியை வாங்கியதற்குக் காரணம் அதன் ஆர்.சி. புத்தகம். பாடி வகை என்ற இடத்தில் கேம்பர் என்று பதிவாகியிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் கேரளத்து வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. நல்ல நிலையில் உள்ள காலி வேனை வாங்கி வீட்டில் கேம்பராக மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே பதிவில் இருப்பதைப் பழுதுபார்ப்பது வேறு, புதிதாக மாற்றுவது வேறு.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஓ.எம். 616; பென்ஸ் 240டி காரில் இருந்த அதே நான்கு சிலிண்டர் டீசல். டெம்போ டிராக்ஸ் ஜீப்பிலும் அதையே வைத்தார்கள். மலையோரக் கேரளத்தில் டிராக்ஸ் ஓடாத ஊர் இல்லை என்பதால் ஹீட்டர் பிளக், கேஸ்கெட், பிஸ்டன் ரிங் எதற்கும் அலைய வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைச் சோதனைச்சாவடி தாண்டிக் கோவைக்கு ஓட்டிப் போக முடியாது. அதனால் டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றிச் சாக்கில் கட்டி, வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சரிசெய்து வந்தேன். டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவினோம். அடியில் கறுப்பாகச் சேறு படிந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகிவிடும். நான்கையும் மாற்றினேன். டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் தயாரான காலத்தைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். என் வண்டியின் டயர்களை அப்படியே தூக்கிப் போட வேண்டியிருந்தது. இவ்வளவுதான் எஞ்சின் கதை. எஞ்சினைச் சரிசெய்ய ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். கேம்பர் கூரைக்கு யாருமே இல்லை.

இப்போது கூரை. எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கிறது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இங்கே மேற்குப் பகுதியைவிட மழை குறைவு, ஆனால் காற்று அதிகம். மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறையும். நேராக விழும் மழைக்குத் தாங்குகிற மூட்டு இந்தச் சாய்மழைக்குத் தாங்காது. உள்ளே சொட்டுகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு என்பதுதான் இதில் பெரிய வில்லங்கம். கூரையின் முன்பக்க ஓட்டையில் நுழைந்த நீர், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேலேயே ஓடி, பின்பக்கப் படுக்கையின் தலைமாட்டில் சொட்டும். முன்பு இருந்தவர்கள் சொட்டிய இடத்துக்கு மேலே எல்லாம் ஓட்டை அடைக்கும் சிலிக்கான் பசையைப் பிதுக்கியிருந்தார்கள். சிலிக்கான் மேல் பெயிண்ட் நிற்காது; வேறு சீலன்ட்டும் ஒட்டாது; ஏன், புதுச் சிலிக்கானே பழைய சிலிக்கான் மேல் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுத்ததுதான் மொத்த வேலையிலும் எரிச்சலான வேலை.

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் குழாயால் நீர் அடித்துப் பார்ப்பது வழக்கம். அது பாதிதான் பலன் தரும், மேலும் எல்லாம் நனைந்துவிடும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். ஜன்னல்களையும் துவாரங்களையும் டேப்பால் அடைத்துவிட்டு, நெல் தூற்றும் மின்விசிறியை ஒரு ஜன்னலில் அட்டை கட்டிப் பொருத்தி, காற்றை உள்ளே தள்ளினோம். வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் துணியால் தடவினால், ஓட்டையுள்ள இடமெல்லாம் நுரை கொப்பளித்தது. பெரியப்பா சாக்பீஸால் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். பஞ்சர் கடைக்காரர் ட்யூபில் செய்வதுதான், கொஞ்சம் பெரிய அளவில்.

கூரைத் தகட்டைக் கழற்றியதும் நிஜ நிலைமை தெரிந்தது. சட்டம் இரும்பு, தகடு அலுமினியம், இரண்டையும் பிணைத்தது இரும்புத் திருகு. இரு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவே ஈரமும் இருந்தால் அலுமினியம் தின்னப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும்; ஒவ்வொரு திருகைச் சுற்றியும் அப்படித்தான் உதிர்ந்திருந்தது. சதுரக் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தன. வெல்டர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்டால் விட்டுவிடுவார்; சத்தம் மந்தமானால் சாக்பீஸ் கோடு. "அண்ணா, வெளியே பெயிண்ட்தான் நிற்கிறது, உள்ளே ஒன்றும் இல்லைங்க" என்றார் ஓர் இடத்தில். குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும் என்பது அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது.

கெட்ட துண்டுகளை வெட்டி, புதுக் குழாய் வைத்து வெல்டிங் செய்தோம். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றியிருந்தோம். டீசல் டேங்க் வண்டியில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஜி.ஐ. குழாய் மலிவாகக் கிடைத்தாலும், வெல்டிங் செய்யும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பற்றவைத்த பிறகு அந்த இடத்துக்கு ஜிங்க் பிரைமர். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் போல ஒட்டும் பியூட்டைல் டேப், திருகுக்குப் பதில் அலுமினிய ரிவெட், மூட்டு ஓரங்களில் பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட். பழைய கூரை தட்டையாக இருந்ததால் நீர் தேங்கியிருந்தது. நடுக் குழாயை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினோம், அவ்வளவுதான். நீர் இப்போது இரு பக்கமும் வழிந்துவிடுகிறது. கரூரில் கட்டியவர்கள் இதை ஏன் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

உள் பலகைக்கு ஐ.எஸ். 710 தர முத்திரையுள்ள, நீர் தாங்கும் மரைன் பிளைவுட். ஆசாரி சேட்டன் சாதாரணப் பலகை போதும் என்று வாதாடினார். பழைய பலகையைக் கையில் பிழிந்து காட்டியதும் நிறுத்திக்கொண்டார். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் என்பதால் வெப்பக் காப்பு இல்லாமல் முடியாது. கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். நீர் உறிஞ்சாத ஃபோம் தாள் ஒட்டினோம்.

மின்சாரத்துக்குத் தனி லித்தியம் பேட்டரி ஒன்று. 12 வோல்ட்டில் கம்பி மெலிந்தால் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். கம்பியில் மிச்சம் பிடிக்காதீர்கள். பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். சோலார் பலகையைக் கூரையில் திருகாமல் சட்டத்தின் மேல் நிற்கிற தாங்கிகளில் பொருத்தினேன்; பட்ட பாட்டுக்குப் பிறகு கூரையில் ஓட்டை போட மனம் வரவில்லை. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம். பழைய பெட்டியில் துவாரம் மேலே இருந்தது!

காகித வேலையில் திருப்பம் ஒன்றுமில்லை. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 20 வருடம் தாண்டிய இலகுரக வண்டிக்கு 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி. பழம்பெரும் வாகனம் என்று விண்டேஜ் பதிவு கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். அதற்கு வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். மேட்டடோருக்கு இன்னும் காலம் இருக்கிறது. பரிசோதனைக்கு வந்த அதிகாரி விளக்குகளையும் பிரேக்கையும் பார்த்தார், சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார், படுக்கையில் உட்கார்ந்து பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

மீதி இருப்பது ஓட்டுநர் கதவு. அதன் மேல் மூலையில் இன்னும் கசிகிறது. மேட்டடோருக்கான கதவு ரப்பர் இப்போது எங்கும் கிடைப்பதில்லை. வேறு வண்டியின் பீடிங்கை வெட்டி ஒட்டியிருக்கிறேன், சாய்மழைக்குப் போதவில்லை. பழைய துண்டை மாதிரியாகக் கொடுத்தால் வார்த்துத் தருவதாக ஒரு ரப்பர் பட்டறையில் சொல்கிறார்கள், ஆனால் குறைந்தது நூறு மீட்டர் எடுத்தாக வேண்டுமாம். என் இரண்டு கதவுக்குப் பத்து மீட்டரே அதிகம். வேறு மேட்டடோர் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், பங்கிட்டுக்கொள்ளலாம்.