டெக்சாஸில் காரில் துப்பாக்கி, வழியில் பள்ளிக்கூடம்: லைசென்ஸ் கைக்கு வரும்வரை

டெக்சாஸ் கைத்துப்பாக்கி லைசென்ஸ் அட்டை ஒருவழியாகத் தபாலில் வந்துவிட்டது. பட்ட அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. அடுத்து விண்ணப்பிக்கிறவர்களுக்காவது மிச்சமாகட்டும்.

கோளாறு துப்பாக்கிக் கடை கவுன்ட்டரிலேயே ஆரம்பித்தது. "2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸே வேண்டாம், 21 வயது ஆனால் போதும், தாராளமாகக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். மாநிலச் சட்டப்படி சரிதான். ஆனால் பள்ளிகளைச் சுற்றித் துப்பாக்கி கூடாது என்கிற மத்தியச் சட்டம் 1990இலிருந்து இருக்கிறது. டெக்சாஸ் தளர்த்தியதால் அது தளர்ந்துவிடவில்லை. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள், ஏறக்குறைய 305 மீட்டர், பொதுச் சாலையில் போனாலும் அது பொருந்தும். தண்டனை 5 ஆண்டு வரை சிறை. இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

1000 அடியைப் பள்ளிக் கட்டடத்திலிருந்து அளக்காதீர்கள். மைதானமும் சேர்த்து வளாக எல்லையிலிருந்து அளக்க வேண்டும். தனியார் பள்ளி, தேவாலயப் பள்ளி எல்லாம் கணக்கில் வரும். டாலஸ் புறநகரான ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியிருப்பவர்கள் மேப்பில் வட்டம் போட்டுப் பாருங்கள். பால் வாங்கப் போகிற வழியிலேயே ஒன்றிரண்டு வட்டம் குறுக்கே வரும். உங்கள் சொந்த வீடும் டிரைவ்வேயும் தனியார் இடம் என்பதால் விலக்கு உண்டு. தெருவில் சக்கரம் இறங்கிய நொடி அந்த விலக்கு போய்விடும்.

"அதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே" என்று விவரம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். 1995இல் லோபஸ் வழக்கில் 5-4 என்று ரத்தானது உண்மை. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்துவிட்டது. இப்போது நடப்பில் இருப்பது அந்தத் திருத்திய சட்டம்.

காரில் போகிறவருக்கு நடைமுறையில் இரண்டு வழிதான். ஒன்று, தோட்டா இல்லாமல், பூட்டிய பெட்டிக்குள். இரண்டு, அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே விசாரித்துக் கொடுத்த லைசென்ஸ். லைசென்ஸ் தேவையில்லை என்று மாநிலம் சொல்வதும் லைசென்ஸ் கொடுப்பதும் ஒன்றல்ல. கவுன்ட்டர் பேச்சை நம்பிப் பள்ளி வழியாகப் போய்வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

லைசென்ஸ் வரும்வரை பெட்டிதான். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், ஒரு தோட்டா நிற்கும். மேகசினை முதலில் எடுங்கள், பிறகு துப்பாக்கியின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து நிறுத்துங்கள், கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். வரிசை மாறினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறிவிடும். மேகசினையும் தோட்டாவையும் வேறு இடத்தில் வையுங்கள். ஜிப் மட்டும் உள்ள துணிப்பை பூட்டிய பெட்டி ஆகாது. கிளவ் பாக்ஸைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்: மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதற்கான மத்தியச் சட்டம் கிளவ் பாக்ஸையும் முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. கலிபோர்னியாவிலும் அதைப் பூட்டிய பெட்டியாக ஏற்பதில்லை. சீட்டின் இரும்புச் சட்டத்தில் கேபிள் போட்டுக் கட்டிய சின்ன ஸ்டீல் பெட்டி போதும். காரோடு திருடு போகாமலும் இருக்கும்.

விண்ணப்பத்துக்கு வருவோம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். குடியேற்றமல்லாத விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகளை வக்கீலிடம் கேட்காமல் நம்பாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை.

வகுப்பும் சுடும் தேர்வும் சுலபம்: 50 தோட்டா, 3, 7, 15 கஜ தூரம், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஆன்லைனில் 40 டாலர் கட்டியதும் முடிந்தது.

சிக்கல் பெயரில். நம் இனிஷியல்தான் காரணம். கிரீன் கார்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயராக இருக்கும். பயிற்சிச் சான்றிதழில் பயிற்சியாளர் ஒற்றை எழுத்தோடு நிறுத்தியிருப்பார். கைரேகை முன்பதிவில் முன்னும் பின்னும் மாறியிருக்கும். கைரேகை மையத்தில் அடையாள அட்டையும் முன்பதிவும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கவுன்ட்டரில் திருத்த முடியாது, புதிதாகப் பதியுங்கள் என்ற ஒரே பதில். அரை நாள் லீவு வீண். டிரைவிங் லைசென்ஸில் உள்ள எழுத்தை அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். வகுப்பு முடிந்து கிளம்புமுன் சான்றிதழை ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். கைரேகைக்குப் போகிற அன்று விரல் வறண்டிருந்தால் ரேகை விழாது, முதல் நாளே கொஞ்சம் கிரீம் தடவுங்கள்.

அட்டை வந்தபின் பிள்ளையை அழைக்கும் கார் வரிசையில் கைத்துப்பாக்கி காருக்குள் இருக்கலாம். டெக்சாஸ் சட்டத்தில் வாகன நிறுத்தமும் உள்சாலையும் பள்ளிக் கட்டடத்தோடு சேராது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போனால் பெருங்குற்றம். பள்ளி விளையாட்டோ விழாவோ நடக்கும் திடலும் அப்படித்தான். அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். போலீஸ்காரர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டால் டிரைவிங் லைசென்ஸ், துப்பாக்கி லைசென்ஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் கைத்துப்பாக்கிக்குத்தான். ரைபிளும் ஷாட்கன்னும் பள்ளி வட்டத்துக்குள் எப்போதும் காலியாக, பூட்டித்தான் போக வேண்டும்.

ஓக்லஹோமா போகிறவர்களுக்கு ஒன்று. டெக்சாஸ் லைசென்ஸை அந்த மாநிலம் ஏற்கிறது, ஆனால் மத்தியச் சட்டம் கேட்பது பள்ளி இருக்கும் மாநிலத்தின் லைசென்ஸ். ஐ-35 நெடுஞ்சாலையில் மாநில எல்லையான ரெட் ஆற்றைத் தாண்டுமுன், கெய்ன்ஸ்வில்லில் பெட்ரோல் போட நிற்கும்போதே காலி செய்து பூட்டிவிடுங்கள்.