ஸ்பிரிங் யோக்கில் ட்ரிம் செய்யப் பழகுவது

வீட்டில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்கள் யோக் (விமானத்தைத் திருப்பவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பயன்படும் கைப்பிடி) வாங்குவதைப் பற்றிப் பேசும்போது, எந்த நிறுவனம், என்ன விலை என்பதிலேயே பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கருவி நம் கைக்கு எதை உணர்த்தும், எதை உணர்த்தாது என்பதை முதலில் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் யோக்கை இழுக்கும்போது விமானியின் கையில் தெரியும் எதிர்ப்பு, பெரும்பாலும் வாலிலுள்ள எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் அசையும் பலகை) மீது படும் காற்றிலிருந்து வருவது. வேகம் கூடினால் யோக் இறுகும். வேகம் குறைந்து ஸ்டாலை (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையை) நெருங்கும்போது தளர்ந்துவிடும். வீட்டு யோக்குகள் பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது ஸ்பிரிங் மட்டுமே என்பதால், விமானம் ஓடுபாதையில் நின்றாலும் 120 நாட் வேகத்தில் பறந்தாலும் அதன் இறுக்கம் மாறுவதில்லை. மோட்டார் வைத்து இந்த விசையை உண்டாக்கும் யோக்குகளும் விற்பனையில் இருக்கின்றன. ஆனால் அவற்றின் விலை சாதாரண யோக்கைப் போலப் பல மடங்கு.

இந்த வேறுபாடு ட்ரிம் செய்யும்போது, அதாவது யோக்கைப் பிடித்துக்கொண்டிருக்காமலே விமானம் அதே நிலையில் பறக்கும்படி சரிசெய்யும்போதுதான் முழுமையாக வெளிப்படுகிறது. உண்மையான விமானத்தில் மூக்கை வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து யோக்கை அப்படியே பிடித்துக்கொண்டு, கையில் தெரியும் பாரம் மறையும் வரை ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். பாரம் மறைந்த பிறகும் யோக் ஏறத்தாழ அதே இடத்திலேயே நிற்கும். ஸ்பிரிங் யோக்கோ கையை விட்டதும் நடுவுக்கே திரும்பிவிடும். ஆகவே வீட்டில், முதலில் யோக்கால் மூக்கை நிறுத்தி, வேகம் நிலைக்கும் வரை காத்திருந்து, பிறகு ட்ரிம் சக்கரத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றிக்கொண்டே, அடிவானத்திலிருந்து மூக்கு நகராதபடி யோக்கை அதே அளவுக்கு நடுவை நோக்கித் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். யோக்கை அசைக்காமல் பிடித்தபடி ட்ரிம்மை மட்டும் மாற்றினால் மூக்கு வேண்டிய நிலையைத் தாண்டி நகர்ந்துகொண்டே போகும். மேலும், ஹனிகோம்ப் பிராவோ த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்கள் கொண்ட பெட்டி) கருவியில் உள்ளதைப் போன்ற ட்ரிம் சக்கரம், பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது போன்ற துடிப்புகளையே கணினிக்கு அனுப்புகிறது. வேகமாகச் சுழற்றுவதைவிட, சற்றுச் சுழற்றி, விமானம் என்ன செய்கிறது என்று பார்த்து, மறுபடி சுழற்றுவதே சரிப்படும்.

இதே காரணத்தால்தான் அமைப்புப் பக்கத்தில் டெட் ஸோனை (யோக்கை அசைத்தாலும் கணினி பொருட்படுத்தாத நடுப்பகுதியை) தாராளமாக வைக்காதீர்கள் என்று சொல்கிறேன். ட்ரிம் முடிந்த பின் செய்யும் நுண்ணிய திருத்தங்கள் எல்லாம் யோக்கின் நடுப்பகுதியில்தான் நிகழ்கின்றன. அந்த இடத்தையே செயலற்றதாக்கிவிட்டால் ட்ரிம் செய்து பயனில்லை. காந்தத்தால் நிலையை அளக்கும் ஹால் சென்சார் உள்ள யோக்கில் டெட் ஸோனைச் சுழியத்திலேயே விடலாம். உரசும் தொடுமுனையால் அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் உள்ள யோக்கில் அளவீடு நடுங்கினால், அந்த நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் வைத்தால் போதும். யோக்கின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று அமைக்கும் சென்சிட்டிவிட்டி வளைவைப் பொறுத்தவரை, லாஜிடெக் யோக் போல மொத்தம் 90 பாகை திரும்பும் கருவியில் நடுப்பகுதியைச் சற்று மென்மையாக்குவது உதவும். ஹனிகோம்ப் ஆல்ஃபா போல 180 பாகை திரும்பும் கருவியில் வளைவை நேர்கோடாகவே விடுவது நல்லது.

த்ராட்டிலில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதில் ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். யோக்கைவிட த்ராட்டிலே வீட்டு விமானிக்கு அதிகம் கற்றுத்தருகிறது என்பது என் எண்ணம். செஸ்னா 172எஸ் விமானத்தை முழு ஃபிளாப்புடன் (இறக்கையின் பின்புறம் கீழே இறக்கும் பலகையுடன்) 65 நாட் வேகத்தில் இறக்கும்போது, இடது கை யோக்கால் வேகத்தையும் வலது கை த்ராட்டிலால் இறங்கும் விகிதத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பெட்டியின் மேல் ஊன்றி, லீவரை விரல்களால் மட்டும் நகர்த்தினால், 100 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) அளவுக்கான மாற்றத்தைக்கூட எஞ்சின் ஒலியைக் கேட்டபடியே, மீட்டரைப் பார்க்காமல் செய்துவிடலாம். விசைப்பலகையில் எஃப்2, எஃப்3 விசைகளைத் தட்டும்போது இந்த நுணுக்கம் கைகூடுவதில்லை. உண்மையான 172இல் இருப்பது லீவர் அல்ல, உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் குமிழ்தான் என்றாலும், கை பெறும் பயிற்சி ஒன்றே. எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் சிவப்பு நிற மிக்ஸ்சர் லீவரையும் சும்மா விட்டுவிடாதீர்கள்: 3,000 அடிக்கு மேல் ஏறும்போது கலவையில் எரிபொருளைக் குறைத்து மெலிதாக்குவதும், தரையிறங்கி நின்ற பின் அதை முழுவதும் இழுத்து எஞ்சினை நிறுத்துவதும் பழக்கத்தில் வர வேண்டியவை.

மேசையின் உயரத்தையும் பாருங்கள். விமானத்தில் யோக் தொடைக்குச் சற்று மேலே இருக்கும். எழுதும் மேசை விளிம்பில் பூட்டினால் தோள் உயர்ந்து, சிறிது நேரத்திலேயே வலிக்கத் தொடங்கும். நாற்காலியை உயர்த்துவதே எளிய வழி.

பெரிய விமானங்களுக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. போயிங் 737இல் ஆட்டோத்ராட்டில் (எஞ்சின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இயங்கும்போது லீவர்கள் தாமாகவே நகரும்; நம் மேசையிலுள்ள லீவர் நகராது. எனவே இறங்கும் கட்டத்தில் ஆட்டோத்ராட்டிலைத் துண்டிப்பதற்கு முன், திரையில் தெரியும் லீவரின் நிலைக்கு நம்முடையதையும் கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் துண்டித்த பின் எஞ்சின் திடீரென்று சீறவோ அடங்கவோ கூடும். ஏர்பஸ் ஏ320இல் அதே வேலையைச் செய்யும் ஆட்டோத்ரஸ்ட் இயங்கும்போதும் லீவர் ‘கிளைம்ப்’ என்று குறித்த பள்ளத்திலேயே அசையாமல் நிற்பதால், வீட்டுக் கருவியோடு அது இயல்பாகவே பொருந்திப்போகிறது. ஆனால் அந்த விமானத்தில் யோக் கிடையாது, பக்கவாட்டில் இருக்கும் சிறு கைத்தடியான சைட்ஸ்டிக்தான் தேவைப்படும்.