மே 18-ம் அகதி அட்டையும்

ஒவ்வொரு மே 18-க்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவத்திப் படங்கள் குவியும். 2009-ல் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைப்பது நியாயம்தான், நானும் பகிர்வேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் பாத்திரம் கழுவும் அண்ணன் வன்னிக்காரர். என் நண்பன் ஒருநாள் அவரிடம் தனி ஈழம், கொடி என்று நரம்பு புடைக்கப் பேசினான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, மகளைச் சேர்க்க இங்க பள்ளிக்கூடம் ஏதும் இருக்கோ?” என்றார்.

அவரிடம் ஐ.நா. அகதி அட்டை இருக்கிறது. ஆனால் மலேசியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அந்த அட்டையை நம்பி அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க முடியாது.

இங்கே ஈழம் பேசப் பயமிருப்பதும் புரிகிறது. 2019 அக்டோபரில் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரை சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்தார்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட. 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தாமஸ் வழக்கைக் கைவிட்டார். (அதுவரை அவர்கள் உள்ளே இருந்ததற்கு யார் பதில் சொல்வது?)

சரி, அகதிப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே. மேடையில் அதை ஏன் காணோம்?

அந்த அண்ணனின் மகளுக்கு என் அக்கா ஞாயிறுகளில் கணக்கு சொல்லித்தருகிறாள். மலாய் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. செந்தூல் பக்கம் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.