எல்லாப் பிள்ளையும் இருக்கிற சுவர்

யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்கள் நாங்கள் தரம் 2 வகுப்பறைச் சுவரில் நல்லூர்த் தேரும் பொங்கல் பானையும் ஒட்டுவோம். அழகுதான், இருக்கட்டும். ஆனால் அதே வகுப்பில் பாசையூர்க் கத்தோலிக்கப் பிள்ளையும் சோனகத் தெரு முஸ்லிம் பிள்ளையும் இருக்கிறார்களே! அந்தோனியார் கோயில் பெருநாளும் நோன்புப் பெருநாளும் அந்தச் சுவரில் வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர்தான் திரும்பி வந்தார்கள், நிறையப் பேர் இடம்பெயர்ந்து போன புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். திரும்பியவர்களின் பேரப்பிள்ளை வகுப்புக்கு வந்தால், "நீர் எங்கேயிருந்து வந்தனீர்?" என்று தயவுசெய்து கேட்காதேயுங்கோ. அவளுக்கும் யாழ்ப்பாணம்தான் ஊர்.

எனக்கு அதிகம் கவலை தருவது சமயபாட நேரம். தன் சமயத்துக்கு ஆசிரியர் இல்லாத பிள்ளை கடைசி வாங்கில் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் அதற்கு ஒரு கதைப்புத்தகமாவது கொடுத்து, பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருக்கலாம்.

அப்புறம், "அம்மா அப்பாவை வரை" என்பதைவிட "வீட்டில் இருப்பவர்களை வரை" என்று சொல்லுங்கோ. அம்மம்மாவோடு மட்டும் வளரும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய.

அடுத்த தவணைச் சுவருக்குப் படங்கள் சேர்க்கிறேன். சோனகத் தெருவின் பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு அனுப்புங்கோ.