கட்டைவிரல் நகம் காட்டிக்கொடுத்தது

பாலித் தீவின் செமராபுராவில் ஒரு பழம்பொருள் கடை. அலமாரியின் மூலையில், கெரிஸ் என்கிற அந்தப் பக்கத்துக் குத்துவாளின் பிடி ஒன்று, அலகு இல்லாமல் வெறுமனே கிடந்தது. நல்ல கனமான மரம். கோரைப்பல், உருட்டி விழிக்கும் கண்கள், மார்பில் ஆரம். வலது கை மணிக்கட்டோடு உடைந்து போயிருந்தது. உருவம் செதுக்கிய பிடியை அங்கே ‘தொகோகன்’ என்கிறார்கள்.

கடைக்காரர் “பாயு” என்றார். நம் வாயு. கூடவே, 1908இல் டச்சுப் படையை எதிர்த்து செமராபுராவை ஆண்ட க்ளுங்குங் அரச குடும்பம் உயிர்விட்டபோது அரண்மனையிலிருந்து வந்தது என்று ஒரு கதையும் சொன்னார். அந்த ஊரில் எதை எடுத்தாலும் அரண்மனைப் பொருள்தான்! கதையைத் தள்ளிவிட்டு மரத்துக்கு மட்டும் காசு கொடுத்தேன்.

பாயு என்பதையும் நான் நம்பவில்லை. மான் வாகனம் எங்கே, கையில் கொடி எங்கே என்று நம் கோயில் வாயுவை அதில் தேடிக்கொண்டிருந்தேன். கோரைப்பல்லைப் பார்த்ததும் அரக்கன் என்றே முடிவு கட்டிவிட்டேன். நம் துவாரபாலகர்களுக்கும் கோரைப்பல் உண்டு என்பது அப்போது நினைவுக்கு வரவே இல்லை.

எண்ணெய் பூசாமல், காய்ந்த தூரிகையால் தூசியை மட்டும் தட்டினேன். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் வழவழவென்று தெரிந்த இடமெல்லாம் இப்போது கோடு கோடாக எழுந்தது. இடது கைக் கட்டைவிரலில் மட்டும் நீண்டு வளைந்த ஒரு நகம். மற்ற விரல்களில் அப்படி இல்லை.

அதுதான் ‘பஞ்சநக’. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு ஐந்து நகமுள்ள விலங்கு என்று பொருள்; ஜாவாவிலும் பாலியிலும் கட்டைவிரல் நக ஆயுதத்துக்குப் பெயராகிவிட்டது. அது வாயுவுக்கும் அவர் பிள்ளைகளான அனுமனுக்கும் பீமனுக்கும் உரியது. சரி, அரக்கன் போனான், மூவர் மிஞ்சினார்கள். வாலும் குரங்கு முகமும் இல்லாததால் அனுமனும் போனார்.

பீமனைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. செமராபுராவிலேயே கெர்த்தா கோசா மண்டபத்தின் உட்கூரையில், பெற்றோரை மீட்க பீமன் நரகத்துக்குப் போகும் கதை ஓவியமாக இருக்கிறது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட இடுப்புத் துணி, அதே நகம், இறால் கொடுக்குபோல மேலே சுருண்ட கொண்டை. கொண்டையை வைத்து முடித்துவிடலாம் என்று அறைக்கு ஓடினால், என் பிடியில் தலை உச்சியே தேய்ந்து மழுங்கியிருந்தது. எத்தனை தலைமுறை உள்ளங்கை பட்டதோ.

அப்புறம் பாலியிலேயே உபுத் என்ற ஊரில் நேக்கா அருங்காட்சியகம். கெரிஸ்களுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. அதையும் பழைய படத்தொகுப்புகளையும் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது: பாயு என்று குறித்த பிடிகளில் உருவத்தின் கையில் அமுதக் குப்பி இருக்கிறது. எனக்கோ அந்தக் கைதான் இல்லை.

உருப்பெருக்கியோடு மறுபடி உட்கார்ந்தேன். மார்பில் ஆரத்தின் பதக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்த வட்டத்தின் விளிம்பு ஒருபக்கம் பிய்ந்து, மர நார் தெரிந்தது. பதக்கமானால் ஆரக் கோட்டோடு சேர்ந்திருக்க வேண்டும். இது அதற்குக் கீழே தனியாக நின்றது. குப்பியின் அடிப்பாகம்! கையோடு மேல்பாதியும் உடைந்து போயிருக்கிறது.

ஜாவாப் பிடியாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. இஸ்லாம் பரவிய பிறகு அங்கே உருவங்கள் கரைந்து, மத்திய ஜாவாவின் பிடிகளில் முகம் இருந்த இடத்தில் சிறு செதுக்கல் மட்டும் மிஞ்சியது. சுமத்ரா, மலாய்ப் பக்கத்தில் ‘ஜாவா டெமாம்’, அதாவது காய்ச்சல்கார ஜாவாக்காரன். குளிரில் கைகட்டிக் குறுகி உட்கார்ந்ததுபோல இருப்பதால் வந்த பெயர். அந்தக் காய்ச்சல்காரர் எந்தக் கடவுள் என்று கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

அட்டையில் ‘பாயு, பாலி, வலது கையும் குப்பியின் மேல்பாதியும் இல்லை’ என்று எழுதிப் பிடியின் அடியில் கட்டியிருக்கிறேன். அந்தக் கடைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.