ஒட்டு எங்கே? மிக்ஸ் ஆல்பம் கேட்கும் நாட்குறிப்பு

ஜூலை 18

கிளப் டிஜே பல பாட்டுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போட்ட மிக்ஸ் ஆல்பத்தைத் தனித்தனிப் பாட்டாகக் கேட்டால் பாதிதான் காதில் விழும். பாட்டுகள் பெரும்பாலும் வேறு ஆட்கள் செய்தவை. டிஜேயின் கை தெரிவது ஒரு பாட்டு இன்னொன்றோடு சேரும் ஒட்டில். அந்த ஒட்டை நம்ம பிளேயரே கெடுத்துவிடாமல் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஷஃபிள் கூடாது. ஆப்பில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு தானாகக் கலக்கும் வசதி) இருந்தால் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். டிஜே ஏற்கெனவே சேர்த்துவைத்ததை அது மறுபடி குழப்பும். சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி பாட்டுவாரியாக இருந்தால் டிராக் மாறுகிற இடத்தில் ஒலி திடீரென்று ஏறி இறங்கும். ஆல்பம்வாரியாக மாற்றலாம், அல்லது மொத்தமாக அணைக்கலாம்.

எம்பி3 என்றால் இன்னொரு தொல்லை. அது ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக வெட்டும், அதாவது சுமார் 26 மில்லிசெகண்ட். முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்றொலி சேர்ந்துவிடும். அதை வெட்டத் தெரியாத பிளேயரில் டிராக் மாறும்போதெல்லாம் ஒரு விக்கல். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலில் இது கிடையாது. முழு ஆல்பமும் ஒரே ஃபைல், கூடவே ஒரு கியூ ஷீட் (எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு) என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. சிடி எழுதுகிறவர்கள் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையில், அதாவது முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும். 'டிராக் அட் ஒன்ஸ்' வைத்தால் ஒவ்வொரு ஒட்டிலும் 2 விநாடி ஓட்டை.

ஜூலை 19

அறை. மதுரைப் பக்கம் சாதாரண வீட்டில் 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரத்தில் கான்கிரீட் கூரை, கீழே டைல்ஸ். பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கு, இதைவிட மோசமான பெட்டி கிடைப்பது கஷ்டம். இந்த வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகும். 10 அடிச் சுவர்களுக்கு நடுவே அது 57 ஹெர்ட்ஸில் முட்டிக்கொண்டு நிற்கும், 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்று என்பதால் 57 இரட்டிப்பாக வீங்கும். கிளப்பில் ஆடுவதற்கான ஹவுஸ், டெக்னோ பாட்டுகளின் கிக் டிரம்மில் ('தொம் தொம்' என்று அடிக்கும் பெரிய டிரம்) பல சரியாக இந்த வட்டாரத்தில்தான் இடிக்கின்றன.

கட்டில் சுவரோரம் கிடந்தால் அதில் படுத்துக்கொண்டு கேட்காதீர்கள். எல்லாக் கிக்கும் ஒரே 'தொம்'மாகக் கேட்கும். நீளவாக்கில் நட்டநடுவில் உட்கார்ந்தால் 48 காணாமல் போகும். ஸ்பீக்கரை 10 அடிச் சுவர் ஒன்றின் பக்கம் வைத்து, பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி நாற்காலி போடுவது ஓரளவு சமாதானம். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் எதிரொலி குறையும், 57 அசையாது.

5.1 ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் சப்வூஃபரைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். கடையில் அதிர்ந்து காட்டுவதற்காகச் செய்த பெட்டி அது. எந்த பேஸ் லைன் (தாழ்ந்த சுரங்களில் ஓடும் மெட்டு) போட்டாலும் ஒரே சுரத்தில் முனகும்.

அடுத்தது கடகடப்பு. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 30 ஹெர்ட்ஸிலிருந்து 120 வரை மெதுவாக ஏற்றினால் யார் கூடப் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்: ஸ்டீல் பீரோவின் கைப்பிடி, ஜன்னல் கொக்கி, லாஃப்டில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம். பீரோ கதவிடுக்கில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று செருகினால் போதும். இதைச் செய்யாவிட்டால் பீரோவின் சத்தத்தையே ஹைஹேட் (ஜால்ராபோல 'ட்ஸ்' என்னும் சின்ன சிம்பல்) என்று நம்பிக்கொண்டிருப்போம். ஃபேனை நிறுத்தச் சொல்ல மனசு வராது. ஆனால் நேர் கீழே உட்கார்ந்தால் இறக்கை ஒலியை அறுத்து ஹைஹேட்டை நடுங்கவைக்கும். சுற்றித் திருகுகிற பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆம்ப்ளிஃபயரில் 'ர்ர்ர்' என்று ஏறும். படிப்படியாக மாற்றும் கப்பாசிட்டர் வகையில் அது இல்லை.

ஜூலை 21

பராமரிப்புக்காக மாலை வரை கரண்ட் இல்லை. போனும் வயர் இயர்போனும்தான். ரப்பர் முனை காதை முழுசாக அடைக்கவில்லை என்றால் பேஸ் போய்விடும், ஒட்டே புரியாது. பெரிய அளவு, சின்ன அளவு இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

ஜூலை 22

எண்ணிக்கை. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது லட்டு. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒவ்வொரு கிக்குக்கும் ஓர் அட்சரம். ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, 8 அடி (இங்கே அடி என்றால் பீட்). நாலு ஆவர்த்தனம், அதாவது 32 அடி முடிகிற இடத்தில்தான் இந்த இசையில் ஏதாவது மாறும்: புதுசாக ஒரு கைத்தட்டல் நுழையும், பேஸ் விலகும், சிம்பல் ஒன்று விழும். நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில் 32 அடிக்குச் சரியாக 15 விநாடி. கடிகாரம் வைத்தே சரிபார்க்கலாம்.

எண்ண ஆரம்பிப்பது எங்கே என்பதுதான் சிக்கல். கிக் இல்லாத இடைவெளி முடிந்து கிக் திரும்பி விழும் அடியை ஒன்று என்று வையுங்கள். நடுவில் குதித்து எண்ணினால் எட்டு அடி தள்ளிப்போய், டிஜே தப்பு செய்வதாகத் தோன்றும்.

ஜூலை 25

ஒட்டை நெருங்கிக் கேட்போம். வழக்கமான ஹவுஸ் மிக்ஸில் புதுப் பாட்டு முதலில் பேஸ் இல்லாமல் வரும். பாட்டுகளைக் கலக்கும் மிக்சர் கருவியில் அதன் லோ குமிழை, அதாவது பேஸைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, இடதுபக்கம் முழுக்கத் திருகியிருப்பார்கள். ஹைஹேட், ஷேக்கர் இரண்டும் மட்டும் மேலே மிதக்கும், பழைய பாட்டின் கிக் கீழே ஓடும். 32 அடி தொடங்கும் அந்த ஒற்றை அடியில் இரண்டு லோ குமிழும் இடம் மாறும். பழையது மெலிந்து, இன்னொரு 32 அல்லது 64 அடி ஒட்டிக்கொண்டிருந்து கரையும். நல்ல டிஜேயிடம் இந்தக் கைமாற்றம் தெரியாது. பேஸ் லைன் வேறு பாடுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஏன் மாற்ற வேண்டும், இரண்டு பேஸும் ஓடினால் என்ன? இரண்டு கிக்கும் அச்சாகச் சேர்ந்தால் 6 டெசிபெல் வரை ஏறி மிக்சர் உடைந்து கத்தும். 10 மில்லிசெகண்ட் தள்ளினால் 50 ஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று தின்றுவிடும், கிக் வெறும் 'டப்' ஆகிவிடும்.

வேகம் பிசகினால்? 128க்கும் 128.1க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். ஒரு நிமிடத்தில் அது 47 மில்லிசெகண்ட் ஆகிவிடும், கிக் இரண்டாகப் பிளந்து குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். ரெக்கார்டுத் தட்டில் மிக்ஸ் செய்கிறவர் அதற்கு முன்பே விரலால் தட்டின் விளிம்பைத் தள்ளியோ தடவியோ சரிசெய்வார். அந்தத் தள்ளல் கிக்கில் தெரியாது. நீண்டு நிற்கும் பியானோ, ஆர்கன் சுரத்தைக் கவனியுங்கள், ஒரு கணம் வழுக்கும். அது தெரிந்தால் கையால் செய்த மிக்ஸ். கம்ப்யூட்டரே வேகத்தைப் பொருத்திப் பூட்டியதில் இந்த வழுக்கல் வராது.

கல்யாண மண்டப டிஜேக்கள் நாற்பது விநாடிக்கு ஒரு பாட்டை வெட்டி நடுவில் ஏர் ஹார்ன் அடிப்பது இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஒட்டே இல்லை.

ஜூலை 26

ஆடிக் கூழ் ஊற்றும் தெருக்களில் கூம்பு ஸ்பீக்கர் காலையிலிருந்தே பாடுகிறது. அதில் பேஸ் கிடையாது, ஆனால் நம் ஹைஹேட்டை முழுக்க மூடிவிடும். கேட்பது ராத்திரிதான். 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி தடை, பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கிறார், ஹெட்போன் போடுங்கள். 80 டெசிபெல்லில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நீளமான மிக்ஸில் காது பழகி வால்யூம் தானாக ஏறும், தொடங்கிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

போட வேண்டியது டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் டோக்கியோவின் லிக்விட் ரூம் கிளப்பில் பதிவுசெய்து 1996-ல் வந்த மிக்ஸ். டெட்ராய்ட்காரர், மூன்று தட்டு வைத்து விளாசுகிறார். பல பாட்டுகள் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. கூட்டத்தின் கூச்சலும் பதிவாகியிருக்கிறது. 25-ம் தேதி எழுதிய பிசகு எல்லாம் இதில் கிடைக்கும், அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பளபளவென்று திருத்திய பத்து மிக்ஸுக்கு இந்த ஒன்று ஈடு.

ஜூலை 29

சுருதி. ரெக்கார்டுத் தட்டை வேகமாக்கினால் சுருதியும் ஏறும். 6 சதவீதம் ஏற்றினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை. 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 தட்டில் கூட்டவோ குறைக்கவோ 8 சதவீதம்தான் எல்லை. 128 பாட்டை 132க்கு ஏற்றினால் 3 சதவீதம் சொச்சம். ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலும் உட்காராத ஒரு சுருதி. அதனால்தான் பழைய மிக்ஸ்களில் பல ஒட்டுகள் டிரம் மட்டும் ஓடும் இடத்தில் இருக்கின்றன. சுரமும் சுரமும் மோத இடம் கொடுப்பதில்லை.

சுரத்தோடு ஒட்டுகிறவர்கள் ச-விலிருந்து ப-வுக்குப் போகிறார்கள். நடபைரவி (மேற்கத்திய இசையில் மைனர்) அளவுகோலில் இருக்கும் பாட்டிலிருந்து, அதன் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்த இன்னொரு நடபைரவிக்கு மாறினால் ஒரே ஒரு சுரம்தான் வேறுபடும்.

ஆகஸ்ட் 1

ரிச்சி ஹாட்டின் என்ற டெக்னோ டிஜே 2001-ல் வெளியிட்ட 'டிஈ9: க்ளோசர் டு தி எடிட்'. நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளை திரும்பத் திரும்ப ஓடும் லூப் துண்டுகளாக நறுக்கிக் கம்ப்யூட்டரில் அடுக்கியது. இதில் ஒட்டைத் தேடினால் கிடைக்காது, எந்நேரமும் ஒட்டுதான். டிராக் எண்ணைப் பார்க்காதீர்கள். ஒரு கைத்தட்டலை மட்டும் பிடித்துக்கொண்டு, அது எந்த அடியில் நுழைகிறது, எத்தனை ஆவர்த்தனம் தங்குகிறது, அது போகும்போது கூடவே எது போகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பிறகு அடுத்த துண்டு.