‘போடுங்க’ என்றால் எதை?

சென்னை ஆபரேஷன் தியேட்டர்களில் எல்லாவற்றுக்கும் ‘போடு’தான். க்ளவுஸ் போடு, தையல் போடு, வடிகுழாய் போடு. ஸ்டேப்ளர், அதாவது திசுவை உலோக ஊசிகளால் தைத்து வெட்டும் அறுவைக் கருவி, கையில் இருக்கும்போது மட்டும் இந்தச் சொல் வம்பு. “போடுங்க” என்றால் ஊசிகள் அடங்கிய கார்ட்ரிட்ஜை மாட்டவா, திசுவைக் கவ்வும் தாடையை மூடவா, ஊசியைச் செலுத்தி வெட்ட ஃபயர் பண்ணவா? பழகிய டீம் இதற்கு மூன்று தனிச் சொல் வைத்திருக்கும்: லோட், க்ளோஸ், ஃபயர். மூன்றாவது சொல் சர்ஜன் வாயிலிருந்து வரும்வரை யாரும் கருவியின் பாதுகாப்புப் பூட்டில் விரல் வைப்பதில்லை.

கருவியும் அந்த மூன்றையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை) பயன்படும் லீனியர், அதாவது நேர்கோட்டில் தைக்கும், ஸ்டேப்ளர்களில் ஒரு வகைக்கு இரண்டு விசைகள். ஒன்று தாடையை மூடும், மற்றொன்று ஃபயர் பண்ணும். தாடை முழுதாக மூடி ‘க்ளிக்’ என்று நிற்காமல் இரண்டாவது விசை அசையாது. இன்னொரு வகையில் கைப்பிடி ஒன்றுதான். முதல் அழுத்தில் தாடை மூடும். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டால் அதே கைப்பிடி ஃபயர் பண்ண ஆரம்பித்துவிடும். புதிதாக வரும் பி.ஜி.க்கள் (முதுநிலை பயிற்சி மருத்துவர்கள்) தடுமாறுவது இங்கேதான். மூடிப் பார்த்துத் திறந்து, இடம் மாற்றி மறுபடி மூட வேண்டிய கட்டத்தில், ஒரு பழக்கத்தில் கட்டைவிரல் பச்சைக்குப் போய்விடுகிறது. திறக்க வேண்டுமானால் இழுக்க வேண்டியது பின்பக்கக் கறுப்புக் குமிழ்களை.

அடுத்தது கார்ட்ரிட்ஜில் இருக்கும் லாக் அவுட், காலி கார்ட்ரிட்ஜில் ஃபயர் ஆகாமல் தடுக்கும் பூட்டு. புதிய கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தில் ஸ்லெட் என்கிற சிறு ஆப்பு உட்கார்ந்திருக்கும். கத்திக்கு முன்னால் ஓடி ஊசிகளை மேலே தள்ளுவது அதுதான். ஒருமுறை ஃபயர் ஆனால் ஸ்லெட் நுனியிலேயே தங்கிவிடும். அடியில் ஸ்லெட் இல்லையென்றால் கத்தி பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொள்ளும், நகராது. இந்தப் பூட்டு இல்லாவிட்டால் காலி கார்ட்ரிட்ஜில் தையல் விழாது, கத்தி மட்டும் ஓடும். நுரையீரல் ரத்தக்குழாயில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

புத்தம்புது கார்ட்ரிட்ஜும் சில நேரம் பூட்டிக்கொள்ளும். மாட்டும்போது விரலோ ஃபோர்செப்ஸோ பட்டு ஸ்லெட் முன்னால் நகர்ந்திருக்கும். அல்லது யாரோ “வேலை செய்யுதா” என்று விசையை அரை அழுத்து அழுத்திப் பார்த்திருப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் கார்ட்ரிட்ஜ் அப்படியே வீண். அதனால்தான் பாதுகாப்பு மூடியைக் கழற்றாமல் மாட்டி, சரியாக உட்கார்ந்த பிறகு கழற்றச் சொல்வது. விசை கெட்டியாக இருந்தால் பலம் கொடுக்கக் கூடாது. கத்தியைப் பின்னால் இழுத்து, தாடையைத் திறந்து, கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள். பூட்டை மீறிப் பிடித்து அழுத்துவதுதான் பெரிய தப்பு.

குடலை இணைக்கும் சர்க்குலர் ஸ்டேப்ளரில் பூட்டு வெளியிலேயே தெரியும். குமிழைத் திருகி அன்வில்லை (ஊசி முட்டி மடங்கும் எதிர்த்தட்டு) நெருக்கும்போது சிறு ஜன்னலில் ஆரஞ்சுக் கோடு பச்சைப் பகுதிக்குள் வர வேண்டும். வராதவரை சிவப்பு சேஃப்டி விடுபடாது. வந்ததும் உடனே அழுத்த வேண்டாம். 15 வினாடியாவது திசு அமுங்கட்டும், நீர் வடியட்டும், பிறகு ஆரஞ்சுக் கோட்டை மறுபடி பாருங்கள். அரைகுறையாக அழுத்தினால் ஊசி முழுதாக மடங்காது, ‘பி’ எழுத்து வடிவம் கிடைக்காது. கருவியை வெளியே எடுத்ததும் ட்ரேயில் இரண்டு டோனட்டும் (வெட்டுப்பட்டு வந்த குடல் வளையங்கள்) முழு வளையமாக இருக்கிறதா என்று விரித்துப் பார்ப்பது ஸ்க்ரப் சிஸ்டரின் வேலை.

இந்தப் பூட்டுகள் பார்ப்பது இடைவெளியை, ஸ்லெட்டை, மூடிய தாடையை. நடுவில் மாட்டியிருப்பது என்ன என்று அவற்றுக்குத் தெரியாது. பழைய க்ளிப் ஒன்று இருந்தால் கத்தி அதில் முட்டி நிற்கும். இரைப்பை அறுவையில் ரைல்ஸ் ட்யூபோ (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) வெப்பமானிக் கம்பியோ உள்ளே இருந்தால் அதையும் சேர்த்துத் தைத்துவிடும். அதனால் மூடுவதற்கு முன்பே மயக்க மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: “மேடம், ரைல்ஸ் ட்யூப் வெளியே வந்துடுச்சா?” தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேடம் “எடுத்தாச்சு” என்று சொல்ல வேண்டும். தடிமனான திசுவில் நீல கார்ட்ரிட்ஜ் போட்டாலும் பூட்டு ஒன்றும் சொல்லாது. பரவலாகப் புழங்கும் ஒரு நிறவரிசையில் நீலத்தின் மூடிய ஊசி உயரம் 1.5 மி.மீ., பச்சைக்கு 2. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிறவரிசை இல்லை என்பது இன்னொரு தலைவலி, டப்பாவில் அச்சிட்ட எண்ணைத்தான் வாசிக்க வேண்டும்.

மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 மார்ச்சில் வெளியிட்ட கணக்கில், 2011 முதல் 2018 மார்ச் வரை ஸ்டேப்ளர் தொடர்பாக 41,000-க்கும் மேற்பட்ட அறிக்கைகள், அவற்றில் 366 இறப்புகள். தையல் வரி பிரிவது, ஊசி சரியாக மடங்காதது, ஃபயர் ஆகாதது ஆகியவை அடிக்கடி வந்த புகார்கள். 2021 அக்டோபரில் உடலுக்குள் பயன்படும் ஸ்டேப்ளர்களை இரண்டாம் வகுப்புக்கு, அதாவது கூடுதல் கட்டுப்பாட்டுக்கு, உயர்த்தினார்கள்.

ஃபயர் ஆன கார்ட்ரிட்ஜைப் புதியவற்றோடு ட்ரேயில் வைக்காதீர்கள். தனி கிட்னி ட்ரேயில் போட்டு, கேஸ் முடிந்து எண்ணிய பிறகே தூக்கி எறியுங்கள். அடுத்ததை மாட்டும் முன் தாடையை சலைனில் ஒரு அலசு அலசினால் அன்வில் குழியில் ஒட்டிய உதிரி ஊசி வெளியே வந்துவிடும்.